இரண்டு 'ஆர்' உள்ள சொல்

அந்தச் சொல்லை முதலில் கண்டபோது அச்சுப் பிழையென்றே நினைத்தேன். ஸ்பெயினில் இருந்த அடிமைகளைப் பற்றிய ஒரு வரலாற்று நூல். 'எச்', 'ஓ', இரண்டு 'ஆர்', பிறகு ஓர் 'ஓ'. ஸ்பானிய மொழியில் 'ஒர்ரோர்' என்றால் பயங்கரம். கடைசி 'ஆர்' விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி, பென்சிலால் அதை எழுதியும் வைத்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு மொழியைப் படிக்கத் தொடங்கியவனின் துணிச்சல்! அதே 'பிழை' நாலாவது தடவையும் வந்த பிறகுதான் அகராதியை எடுத்தேன்.

'ஒர்ரோ': அடிமையாயிருந்து விடுதலை பெற்ற. பெயருக்கு முன்னும் பின்னும் அடையாக வரும் சொல். பிறப்பு அறபு, 'ஹுர்'.

வெட்கமாகிவிட்டது. பாடசாலையில் அறபு படிப்பித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சூரா அல்பகறாவின் 178ஆம் வசனத்தில் இருக்கும் சொல். மத்ரஸாவில் ஃபிக்ஹு கிதாபுகளைப் புரட்டிய காலத்தில் 'ஹுர்', 'அப்து' என்று எத்தனை தரம் வாசித்திருப்பேன். வேற்று எழுத்தில் வந்து நின்றதும் ஆளை அடையாளம் தெரியவில்லை.

தொண்டையின் நடுவிலிருந்து எழும் அந்த 'ஹா' ஸ்பானியரின் வாயில் நிற்கவில்லை. பழைய ஏடுகளில் 'ஃபொர்ரோ' என்றும் எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் அந்த 'ஃப'வை விடவேயில்லை. 1888இல் அடிமை முறை ஒழிக்கப்படும்வரை பிரேஸிலில் விடுதலைப் பத்திரத்துக்கு 'கார்த்தா த அல்ஃபொர்ரியா' என்றே பெயர். ஸ்பானியத்தில் எச் எழுத்தாக மட்டும் மிஞ்சியது. அதை எழுத வேண்டும், உச்சரிக்கக் கூடாது. தப்பிப் பிழைத்தது ஷத்துதான். அறபில் 'ரே'யின் மேலிருக்கும் ஷத்து இங்கே இரண்டு 'ஆர்' ஆகியிருக்கிறது. நாக்கை நன்றாக உருட்டிச் சொல்ல வேண்டும். உருட்டாமல் நம்முடைய இடையின ரகரம்போலத் தட்டிவிட்டால் 'ஓரோ' ஆகிவிடும். ஓரோ என்றால் தங்கம். ரகரத்தையும் றகரத்தையும் மாற்றி எழுதி ஆசிரியரிடம் அடி வாங்கிய நமக்கு இது புதிதல்ல. ஆனாலும் ஒரு கிழமை கண்ணாடிக்கு முன் நின்று பழகியும், விடுதலை வர வேண்டிய இடத்தில் எனக்குத் தங்கமே வந்தது.

இன்று ஸ்பானிய மொழி பேசுவோரிலேயே பலருக்கு இந்தச் சொல் தெரியாது. சினைப்படாத செம்மறியை 'ஒர்ரா' என்பதுண்டு. கிரனாடாவிலோ 'தார் அல் ஒர்ரா' என்ற மாளிகை இன்னும் நிற்கிறது. 1492இல் நகரைக் கையளித்த கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ்வின் தாயாருடையது என்பார்கள். அரசமாதாவுக்கும் ஆட்டுக்கும் ஒரே அடைமொழி. சொற்களின் தலைவிதியும் விசித்திரமானதுதான்.

ஆனால் அதன் பிள்ளை வினைச்சொல் ஒன்று, 'அஒர்ரார்', எல்லோர் வாயிலும் இருக்கிறது. முதலில் அடிமையை விடுவித்தல் என்பது பொருள். பின்னர் ஒரு சுமையிலிருந்து ஒருவரை விலக்குதல். அப்புறம் செலவைத் தவிர்த்தல். கடைசியில், காசு மிச்சம் பிடித்தல். ஸ்பெயினில் சேமிப்புப் புத்தகத்தின் மேல் இருப்பதும் அதே வேர்தான்.

இந்த இடத்தில்தான் அகராதியை மூடிவைத்தேன்.

1984இல் உம்மா வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனார். கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிக்கொண்டார். இரண்டு வருட ஒப்பந்தம் நாலு வருடமாயிற்று. கடைசி எட்டு மாதங்கள் சம்பளமே இல்லை. விமானச் சீட்டுக் காசைத் தானே தருவதாக உம்மா சொன்ன பிறகுதான் பெட்டி திறந்தது. பெருநாள்களில் விருந்தாளிகள் கொடுத்த சில்லறையைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்திருந்தாராம். இதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்த சங்கதி.

அன்று நாங்கள் ராத்தாவின் கலியாணத்துக்குத் தங்கம் வரும் என்று காத்திருந்தோம். ஒரு சோடிக் காப்புக்கூட வரவில்லை. "நாலு வருஷத்தில ஒண்டும் மிச்சம் புடிக்கல்லியா?" என்று வாப்பா கேட்டார். உம்மா ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வாய்விட்டுக் கேட்கவில்லையே தவிர, என் மனதிலும் அதே கேள்விதான்.

உம்மா அடிமையல்ல, கையொப்பம் வைத்துப் போனவர். சொல்லைப் பெருப்பிக்கக் கூடாது. ஆனால் தன் விலையைத் தானே உழைத்துக் கட்டி விடுதலையாகும் 'முகாதபா' ஒப்பந்தத்தைக் கிதாபில் பாடமாக ஓதியவன் நான். எங்கள் குசினியை அந்தப் பாடத்தோடு சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை.

போன மாதம் நான் 'ஒர்ரோ, ஒர்ரோ' என்று உருட்டிக்கொண்டிருந்தபோது, "என்ன மகன் ஓதுறீங்க?" என்று உம்மா கேட்டார். விளக்கினேன்.

"ஹுர்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். நடுத் தொண்டையிலிருந்து, மக்ரஜ் பிசகாமல். என் மாணவர்களில் ஒருவருக்கும் அப்படி வராது.

"அந்த ஹா எங்க போன?"

"எழுத்தில இரிக்கி உம்மா. வாயில இல்ல."

பிறகுதான் கேட்டேன், அந்த விமானச் சீட்டு எவ்வளவு என்று. ராத்தாவின் கலியாணத் திகதியை யோசித்துத்தான் சொல்லும் உம்மா, இதற்கு யோசிக்கவில்லை.

"ஆயிரத்தி நூத்தி நாப்பது ரியால்."