வானத்துச் சுமைதாங்கி

சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் நாகலூரில் காப்பித் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் கணக்கு எழுதினேன். நவம்பர் பிறந்தால் பழம் பறிப்பு தொடங்கிவிடும். சாயங்காலம் களத்தில் கொக்கித் தராசைக் கட்டித் தொங்கவிடுவோம். பறித்த பெண்கள் தலையில் சும்மாடு கூட்டி, அதன் மேல் சாக்கைச் சுமந்து வரிசையாக வருவார்கள். நான் முள்ளைப் பார்த்துக் கிலோவை உரக்கச் சொல்வேன். சொன்னதையே எழுதுவேன். அவர்களுடைய கூலி அந்த எண்ணில்தான் இருந்தது. பனி மூடிய மாலைகளில் லாந்தரைத் தூக்கிப் பிடித்து முள்ளைப் பார்த்திருக்கிறேன். என் கையில் ஒரு எடையும் பிசகியதில்லை என்பதுதான் நான் சம்பாதித்த பெயர்.

அப்படிப்பட்ட நான், அறுபத்து மூன்றாவது வயதில், விமான நிலையத்தில் என் சொந்தப் பையின் எடையை மறைத்தேன். எட்டு வருஷமாக மனதில் கிடக்கும் அந்த விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். என் மனைவி முன்னாலேயே போய்விட்டாள். அங்கிருந்து தினமும் போன். 'நம்ம தோட்டத்து மிளகு வேணும், சுக்கு வேணும், மாப்பிள்ளைக்குக் காப்பித்தூள் வேணும்.' நான் எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. பெரிய பெட்டி அனுமதித்த அளவுக்கு நிறைந்துவிட்டது. மிச்சத்தையெல்லாம் சக்கரம் வைத்த கைப்பெட்டியில் அடைத்தேன். ஏழு கிலோதான் கையில் கொண்டு போகலாம் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் தூக்கிப் பார்த்தபோதே பதினொன்றுக்குக் குறையாது என்று கை சொல்லிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் சாக்குத் தூக்கிப் பார்த்த கை பொய் சொல்லுமா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் விடுமுறை முடிந்து அதே விமானத்தில் திரும்பினான். சென்னை விமான நிலையத்தில் அவன்தான் வழி சொன்னான். "மாமா, கவுன்டருக்கு இந்தப் பெட்டியைக் கொண்டு போகாதீங்க. நீங்க போயிட்டு வர்ற வரைக்கும் நான் தள்ளி நின்னு பிடிச்சிருக்கேன். எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க." நான் அப்படியே செய்தேன். கவுன்டரில் இருந்த பெண் "கைப்பை இருக்குங்களா?" என்று கேட்டபோது, தோளில் மாட்டியிருந்த சின்னத் துணிப்பையைக் காட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்க்கு வாய்தான் வேண்டும் என்பதில்லை.

விமானத்துக்குள் எங்கள் வரிசைக்கு மேலே இருந்த பெட்டகம் நிறைந்திருந்தது. இரண்டு வரிசை முன்னால் இடம் இருந்தது. என்னால் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தங்கை மகனும் பணிப்பெண்ணும் சேர்ந்து தூக்கி உள்ளே தள்ளினார்கள். அந்தப் பெண் தன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு தடவை உதறிக்கொண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

கடைசியில் ஏறியவர்களில் ஒரு தாய். கையில் ஆறேழு மாதக் குழந்தை. அவள் இருக்கை சரியாக என் பெட்டிக்குக் கீழே. மேலே இடம் இல்லாததால் அவளுடைய பையைப் பின்னால் எங்கேயோ கொண்டு வைத்தார்கள். விமானம் எழும்பிக் கொஞ்ச நேரத்தில் மேகத்தில் குலுங்கத் தொடங்கியது. சீட் பெல்ட் விளக்கு அணையவே இல்லை. குழந்தை அழுதது. பால்பொடியும் பாட்டிலும் அந்தப் பையில். அவளால் எழ முடியவில்லை. பணிப்பெண்களையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் ஏதோ பொம்மை காட்டினார். தாய் சேலை நுனியை விரலில் சுற்றிக் குழந்தை வாயில் வைத்தாள். இருபது நிமிஷம் இருக்கும். என் பேத்தியைப் பார்க்கப் போகிற நான், இன்னொருவர் பிள்ளை பசியில் அழுவதைக் கேட்டுக்கொண்டு, அதன் தலைக்கு மேல் என் மிளகும் காப்பித்தூளும் இருப்பதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று எனக்கு நினைவு வந்தது ஒரு கல். சின்ன வயதில் மலை இறங்கி, கீழ்நாட்டில் இருந்த அத்தை வீட்டுக்கு நடந்து போகும்போது வழியில் ஒரு சுமைதாங்கி வரும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது. இறக்கி வைக்க முடியாமல் போன அவளுடைய சுமைக்காக, வருகிறவர் போகிறவர் சுமையை எல்லாம் அந்தக் கல் வாங்கிக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பழைய சாலையோரங்களில் இன்றும் அவை நிற்கின்றன.

அந்தக் கல்லுக்கு ஒரு அளவு உண்டு, கவனித்திருக்கிறீர்களா? ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தலையில் இருக்கும் சுமையைத் தனி ஆளாக அப்படியே நகர்த்தி வைக்கலாம். மறுபடி தலைக்கு ஏற்றவும் யாரையும் கூப்பிட வேண்டாம். அதற்கு ஒரு முறையும் உண்டு. வை, மூச்சு வாங்கு, பின்னால் வருகிறவனுக்கு இடம் விட்டுக் கிளம்பு. சுமைதாங்கியை யாரும் சொந்தம் கொண்டாடியதில்லை, ஒரே ஆள் முழுக்க அடைத்ததும் இல்லை.

விமானத்தில் தலைக்கு மேலே இருப்பதும் ஒரு சுமைதாங்கிதான். ஆதியில் அது தொப்பியும் கோட்டும் வைக்கிற திறந்த தட்டாக இருந்தது. பிறகுதான் கதவு வைத்த பெட்டகமானது. அதற்கும் ஒரு அளவு இருக்கிறது. நம் நாட்டு உள்நாட்டு விமானங்களில் பொதுவாக ஒருவருக்கு ஒரு கைப்பை, ஏழு கிலோ. நீளம் 55, அகலம் 35, உயரம் 25 சென்டிமீட்டர். மூன்றையும் கூட்டினால் 115. சக்கரமும் கைப்பிடியும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். சோதனைச் சாவடியில் ஆளுக்கு இரண்டு மூன்று பையோடு வந்து நெரிசலாவதால், ஒரு கைப்பை விதியைக் கண்டிப்பாக நடத்தும்படி 2022 ஜனவரியில் விமானப் பாதுகாப்புத் துறை மறுபடியும் சொன்னது. பெண்களின் தோள்பை, குழந்தையின் பால் சாமான், ஊன்றுகோல் போன்றவற்றுக்கு அந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது. விதி எழுதியவர்கள் தாயையும் குழந்தையையும் நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நினைக்காதவன் நான்.

எல்லா ஊருக்கும் ஒரே அளவு இல்லை என்பதும் உண்மை. 2015இல் உலக விமான நிறுவனங்களின் சங்கம் 55, 35, 20 என்று ஒரு பொது அளவைச் சொல்லிப் பார்த்தது. 'இருக்கும் பையை எல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறீர்களா?' என்று பயணிகள் கொதித்ததும் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். நெரிசலுக்குப் பயணியை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. அமெரிக்காவில் 2008இல் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கீழே போடும் முதல் பெட்டிக்கே காசு கேட்கத் தொடங்கின. காசு கொடுக்க விரும்பாதவர்கள் பெட்டியைக் கையோடு தூக்கி வந்தார்கள். மடையை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் மறுபக்கம் வரப்பை உடைக்கும். பிறகு, தலா நான்கு பெட்டி பிடித்த பெட்டகங்களில் ஆறு பிடிக்கும்படி, பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கும் பெரிய பெட்டகங்களைப் போயிங் நிறுவனம் செய்தது. ஆனால் பெட்டகம் பெரிதானால் பையும் பெரிதாகும். மனசு அளவறியாவிட்டால் எந்தப் பலகைக் கல்லும் போதாது.

இது வெறும் இட விவகாரமும் இல்லை, உயிர் விவகாரம். 2016 ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்திலிருந்து போன விமானம் துபாயில் தரையிறங்கும்போது ஓடுபாதையில் விழுந்து தீப்பிடித்தது. உள்ளே 300 பேர். புகை சூழ்ந்த நேரத்தில் பலர் எழுந்து, மேலே இருந்த பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த ஒருவர் எடுத்த வீடியோவை உலகமே பார்த்தது. 300 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்துபோனார். அந்தப் பைகளை எடுத்தவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பாஸ்போர்ட்டும் பல வருஷச் சம்பாத்தியமும் பிள்ளைக்கு வாங்கிய நகையும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் விமானம் வடிவமைக்கும்போதே, பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி எல்லோரும் 90 விநாடியில் இறங்க முடியும் என்று நிரூபிக்க வேண்டும். ஒருவர் பை எடுக்க நிற்கும் ஐந்து விநாடி, அவர் பின்னால் நிற்பவரின் ஐந்து விநாடி. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஒரு பெரிய விமானம் எரிந்தது. அதிலிருந்த 379 பேரும் பைகளை விட்டுவிட்டு இறங்கிப் பிழைத்தார்கள். சுமையை விடத் தெரிந்திருப்பதும் ஒரு பயிற்சிதான்.

நம்மிடம் அந்தப் பயிற்சி இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து கார்த்திகையில் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடியைப் பாருங்கள். முன்முடியில் சாமிக்கு உரியது, பின்முடியில் தன் வழிக்கு வேண்டியது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எது யாருக்கு என்று பிரித்துக் கட்டிய மூட்டை அது. தலையில் தாங்கும் அளவுதான் அதற்கு அளவு. தேங்காய் கேபினுக்குள் போகக் கூடாத பொருள் என்றாலும், 2024 அக்டோபர் கடைசியிலிருந்து 2025 ஜனவரி 20 வரை சபரிமலைப் பயணிகளின் இருமுடித் தேங்காய்க்கு அரசு விலக்குக் கொடுத்தது. நியாயமான சுமைக்கு விதி வழிவிடும் என்பதற்கு இதை நான் அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நம் மலையிலிருந்து விமானம் ஏறுவது எளிதாகிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் தாண்டி ஓமலூர் பக்கம் போனால் காமலாபுரம் விமான நிலையம். 2023 அக்டோபரில் அங்கே மறுபடி சேவை தொடங்கியது. அங்கே வருவது ஏடிஆர் என்னும் சின்ன விமானம். அதன் பெட்டகமும் சின்னது. முதன்முதலாகப் போகிறவர்கள் என்னிடம் கேட்க வருகிறார்கள். நான் சொல்வது இதுதான்.

கண்ணு, முதலில் காலிப் பெட்டியை எடை போடு. சக்கரப் பெட்டி வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். துணிப்பை என்றால் அந்த எடை உனக்கு மிச்சம். மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட், குழந்தைக்கு வேண்டியது, இவற்றைச் சின்னப் பையில் போட்டு முன் இருக்கைக்கு அடியில் வை, மேலே ஏற்றாதே. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் கையோடுதான் வர வேண்டும், கீழே போடும் பெட்டியில் கூடாது. மலைத்தேன் பாட்டில் வெளிநாட்டுக்குப் போகிறதென்றால் பெரிய பெட்டியில் நன்றாகக் கட்டி வை. 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். உன் வரிசைக்கு மேலே இருப்பதுதான் உன் பங்கு. எல்லாவற்றையும் விட முக்கியம், உன் தலைக்கு மேல் நீயே தூக்கி வைக்க முடியாததை எடுத்து வராதே. தூக்கிவிட வருகிறவளுக்கும் ஒரு முதுகு இருக்கிறது.

அன்று விமானத்தில் சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் நான் எழுந்து போய், பின்னாலிருந்து அந்தத் தாயின் பையை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க தாத்தா" என்றாள். அந்த நன்றி என்னைச் சுட்டது. என் பெட்டிதான் அவள் தலைக்கு மேல் இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மகள் வீட்டில் மிளகைப் பிரித்துக் கொட்டினாள் மனைவி. பாதி அங்கே அலமாரியில் ஒரு டப்பாவில் அடுத்த வருஷம் வரை கிடந்தது. நாம் பாசம் என்று சுமப்பதில் எவ்வளவு நம் பயம், எவ்வளவு நம் பெருமை என்று அந்த டப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பேத்திக்கு வேண்டியிருந்தது என் மடி. அதற்கு எடை இல்லை.

ஓய்வு பெறும்போது தோட்டத்துப் பழைய கொக்கித் தராசைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டு விட்டத்தில் அது தொங்குகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின ராத்திரி கைப்பையை அதில் மாட்டுகிறேன். முள்ளை நான் பார்ப்பதில்லை. மனைவி பார்த்துச் சொல்கிறாள், நான் எழுதிக்கொள்கிறேன். போன தடவை ஆறு கிலோ இருநூறு. மீதி எண்ணூறு கிராமுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், அந்த இடம் பின்னால் வருகிறவருக்கு இருக்கட்டும் என்றேன்.