ஆபத்துக்கு மட்டும் வருகிறவன்

நள்ளிரவில் போன் வந்தால் நான் தயங்க மாட்டேன். சாலை விபத்து, அவசரமாக ரத்தம் வேண்டும், பையன் போலீஸ் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டான், ஊரிலிருந்து வந்த நோயாளிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கவில்லை, எதுவானாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என்னைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான். அந்தப் பெயரை நான் ரொம்ப காலம் ஆசையாக வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் இருக்கும் குற்றத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். ஆபத்து இல்லாத நாளில் நான் யாருக்கும் எதுவும் செய்ததில்லை. என்னைப் பெற்றவருக்கும் செய்ததில்லை.

கோவில்பட்டியில் அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார். லேபிள் அச்சடிப்பதெல்லாம் சிவகாசியில். லேபிள் கட்டு வாங்குவதற்காக சாத்தூர் வழியாக அவர் அடிக்கடி சிவகாசி போய்வருவார். திரும்பும்போது பையில் ஒரு காமிக்ஸ் இருக்கும். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அந்த ஊரில் அச்சாகி வந்தவைதான். முத்து 1972 இல் ஆரம்பித்தது; முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’. லயனும் ராணி காமிக்ஸும் வந்தது 1984 இல். நான் எழுத்துக்கூட்டுவதைத் தாண்டி வேகமாகப் படிக்கத் தொடங்கிய வயது அது. ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய். பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். அப்பாவின் பையில் வராத மாதங்களில் அந்தக் கயிற்றுக்குக் கீழே நின்று அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வருவேன்.

மாயாவியைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். லூயி கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்தப்பட்டவன். இன்னொரு விபத்தில் பெரும் மின்சாரம் அவன் உடம்பில் பாய்கிறது. உடல் முழுவதும் மறைந்துபோய் அந்த இரும்புக் கை மட்டும் காற்றில் தெரிகிறது. அன்றிலிருந்து மின்சாரம் பாயும்போதெல்லாம் மறைவான். அதன் வேகம் தணிந்ததும் சாதாரண மனிதனாகத் தெரிவான். 1962 இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த கதை இது. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அவர் பெயர் எனக்குத் தெரியவந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். ஆனால் அவருடைய கறுப்பு மை என் பத்து வயதுக் கனவு அத்தனையிலும் இருந்தது. இருட்டில் ஒரு கை மட்டும் நகர்ந்து போகும் அந்தக் கட்டங்களை இன்று பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. அந்தக் கலைஞனுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. என் குறைக்கு அவர் மேல் பழி போட மாட்டேன்.

முதல் கதையில் கிராண்டேல் நல்லவனே கிடையாது. மறையும் சக்தி கிடைத்ததும் அவன் கொள்ளையடிக்கத்தான் போகிறான். பிற்பாடுதான் திருந்தி நிழற்படை என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிறான். சிறுவனான எனக்கு இரண்டு கிராண்டேலையும் ஒரே அளவு பிடித்தது. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டிய விஷயம் அது. அவன் செய்த நன்மைக்கு நான் மயங்கவில்லை. மின்சாரம் பாயும் அந்த ஒரு நொடிக்குத்தான் மயங்கினேன்.

காமிக்ஸில் காட்டாத ஒரு பகுதி உண்டு. ஒரு மாதத்துப் புத்தகம் முடிந்து அடுத்தது வருவதற்குள் கிராண்டேல் என்ன செய்தான்? யார் வீட்டில் சாப்பிட்டான்? அவனால் காப்பாற்றப்பட்டவர்கள் கடைசிக் கட்டத்தில் நன்றி சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு அவன் ஒரு தடவையாவது போனானா? இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததே இல்லை. மின்சாரம் இல்லாத நாட்கள் கதையில் சேராதவை என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவின் நாட்கள் முழுவதும் அப்படிப்பட்டவை. ஒரே சைக்கிள், ஒரே பேரேடு, மாலையில் மை படிந்த விரல்கள். அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்தது, மதிப்பு இல்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அந்த வீரர்களையெல்லாம் சுமந்து வந்தது அவர் பைதான்.

வேலைக்குச் சென்னை வந்தேன். கல்யாணமாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கியபோது, நண்பர்களோடு படகு தேடிப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். மாடியிலிருந்து ஒரு பாட்டியை இறக்கினோம், கைக்குழந்தைகளை வாங்கிக் கரை சேர்த்தோம். அந்த நாட்களைப் போல நான் நிறைவாக இருந்த நாட்கள் குறைவு. அப்போது மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, போன் இல்லை, தண்ணீர் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். என் மனைவி தனியாக இருந்தாள். நான் சேறும் ஈரமுமாகத் திரும்பியபோது அவள் கோபப்படவில்லை. “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது போகும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். இதுநாள் வரை, அவசரத்தில் கவனிக்கவில்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்.

அதற்கு அடுத்த வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. முதல் நாள் நான் எப்படி இருந்தேன் என்று உறவினர்கள் இன்றும் சொல்வார்கள். இரவோடு இரவாக மதுரைக்கு வந்து சேர்ந்தேன். டாக்டர்களிடம் பேசினேன், பணம் புரட்டினேன், ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரை நானே தள்ளினேன். மாமா என் தோளைத் தட்டி, “மகன்னா இப்படியில்ல இருக்கணும்” என்றார். அப்பா பிழைத்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்த மறுநாள் நான் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தங்கையின் கணக்கில். காலையில் எழுப்பி உட்காரவைப்பது, புரையேறாமல் கஞ்சி ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டி மடக்குவது. பக்கவாதத்தில் ஆளை மீட்டெடுப்பது இந்த வேலைதான். ஒரே அசைவை நூறு தடவை செய்தால் நூற்றோராவது தடவை விரல் கொஞ்சம் அசையலாம், அசையாமலும் போகலாம். கைதட்ட யாரும் இருக்க மாட்டார்கள். என் தங்கை வருடக்கணக்கில் அதைச் செய்தாள். நான் பணம் அனுப்பினேன். நிமோனியா வந்தபோது பறந்து போனேன். கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டபோது போனேன். இடையில் அப்பா போனில் கூப்பிடுவார். குழறிய குரலில் பேர் சொல்லி அழைத்து, அதன் பிறகு வார்த்தைக்குத் தடுமாறுவார். “ஏதும் பிரச்சினையாப்பா?” என்பேன். இல்லை என்பார். அப்படியென்றால் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுவேன்.

இடுப்பில் அடிபட்டபோது தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கேட்டாள்: “அண்ணே, நீ வரணும்னா அப்பாவுக்கு ஏதாச்சும் ஆகணுமா?”

நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்பதுதான் பதில். அதைவிட மோசமானது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து கெட்ட செய்தி வரும்போது எனக்குள் பயத்தோடு கூடவே ஒரு எழுச்சியும் வரும். நான் தேவைப்படுகிறேன் என்ற எழுச்சி. அப்பாவின் மூச்சுத் திணறலில் எனக்கு மின்சாரம் பாய்ந்திருக்கிறது.

காமிக்ஸ்தான் என்னை இப்படி ஆக்கியது என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். முடியாது. நான் படித்து வைத்த புத்தகத்தையெல்லாம் தங்கையும் படித்தாள். அவளுக்குப் பிடித்தவர் ஃபேண்டம். ராணி காமிக்ஸில் அவருக்கும் மாயாவி என்றுதான் பெயர். வேதாளர் என்றே சொல்லும் பழைய வாசகர்களும் உண்டு. லீ ஃபாக் 1936 இல் உருவாக்கிய அந்தக் கதையை நான் மண்டை ஓட்டு மோதிரத்துக்காகவும் டெவில் என்ற ஓநாய்க்காகவும் படித்தேன். அப்பா இறந்த பிறகு பழைய பிரதிகளைத் திரும்ப எடுத்தபோதுதான் கதையின் அடிப்படையே எனக்கு உறைத்தது. வேதாளருக்கு மாய சக்தி ஏதும் கிடையாது. சாகாதவர் என்று காடே நம்பும் அவர், 1536 இல் தொடங்கிய ஒரு பரம்பரையின் இருபத்தொன்றாவது மனிதர். தந்தை சாகும்போது மகன் வந்து பக்கத்தில் இருக்கிறான், தந்தையை மண்டை ஓட்டுக் குகையில் அடக்கம் செய்கிறான், உறுதிமொழி எடுக்கிறான், அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் இருக்கிறான். நடந்ததையெல்லாம் உட்கார்ந்து பேரேடு போன்ற பெரிய புத்தகங்களில் தன் கையால் எழுதிவைக்கிறான். நானூறு வருடங்களுக்கு மேல் அந்தக் குகையில் எழுத்து நிற்கவில்லை. வேதாளர் தன் காதலி டயானாவைக் கல்யாணம் செய்துகொள்ள அந்தக் கதையில் 1977 வரை ஆனது. பிறகு இரட்டைக் குழந்தைகள், வீடு, குடும்பம். இவ்வளவும் அந்தக் கட்டங்களில் இருந்தன. ஓர் இடத்தில் நிலைத்து இருப்பதுதான் அந்த வீரனின் பலம் என்று தங்கை பத்து வயதில் புரிந்துகொண்டாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் கணக்கு எழுதும் மனிதரும் காவல் காக்கும் மனிதரும் ஒருவராக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அப்பா இறந்தது ஒரு சாதாரண மத்தியானத்தில். சாப்பிட்டு, அயர்ந்து, தூக்கத்திலேயே. திணறல் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, யாரும் யாருக்கும் போன் போட நேரமில்லை. தங்கை பக்கத்தில் வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்தாளாம். நான் போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு என்னிடம் எந்த வேலையும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் முடித்திருந்தார்கள். அந்த வீட்டில் அன்று என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

இப்போது வருடத்தில் சில மாதங்கள் அம்மா என்னோடு இருக்கிறார். தங்கை கேட்டு வாங்கிய ஏற்பாடு அது, நானாகச் சொன்னது இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை, காலையும் இரவும் ஊசி, புண் ஆறாத ஒரு பாதம். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிட வேலை. மூன்றாம் நாளே என் மனம் ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. போன் அடித்தால் காது நிமிர்கிறது. அம்மா ஒரே கதையைத் திரும்பச் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறேன். அது அவருக்கும் தெரிகிறது. இருந்தும் சொல்லி முடிக்கிறார்.

போன மாதம் ஒரு காலை, நெடுஞ்சாலையில் தெரிந்தவர் ஒருவரின் வண்டி கவிழ்ந்துவிட்டது என்று போன் வந்தது. கட்டு பாதிப் பிரித்திருந்தது. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸும் வந்துவிட்டது என்று போனில் சொன்னவரே சொன்னார். நான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவின் பாதத்துக்கு அன்று கட்டுப்போட்டு முடித்தது எதிர்வீட்டு அக்கா. அவரிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை.