குட்டி யானைகள் வாழ்ந்த தீவு... கூட்டமில்லாத கிரீஸைப் பார்க்க டீலோஸ் போகலாம்!

கிரீஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சான்டோரினிதான். வெள்ளை வீடுகள், நீலக் கோபுரங்கள், கடலில் இறங்கும் சூரியன் என இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பார்த்துப் பழகிய படங்கள். அந்தப் படங்களில் தெரியாத விஷயம், கூட்டம். சுமார் 15,000 பேர் மட்டுமே வசிக்கும் அந்தத் தீவுக்கு ஆண்டுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். 2025 ஜூலை முதல், சீசன் நேரத்தில் சொகுசுக் கப்பலில் வந்து சான்டோரினியிலோ மைக்கோனோஸிலோ இறங்கும் பயணி ஒவ்வொருவருக்கும் 20 யூரோ கட்டணம் விதித்திருக்கிறது கிரீஸ் அரசு.

'கடலும் வேண்டும், கொஞ்சம் நிம்மதியும் வேண்டும்' என்பவர்களுக்கு அதே நாட்டில் வேறு தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று டீலோஸ்.

ரோட்ஸ், கோஸ் என்ற இரண்டு பெரிய சுற்றுலாத் தீவுகளுக்கு நடுவே, துருக்கிக் கடற்கரைக்கு அருகில் இருக்கிறது இது. பரப்பளவு சுமார் 60 சதுர கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது. ரோட்ஸிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் கப்பலில் வர வேண்டும். தீவின் அமைதிக்கு இதுவும் ஒரு காரணம்.

காலியாகிக்கொண்டிருந்த ஊர்

கப்பல் வந்து நிற்கும் துறைமுக ஊரின் பெயர் லிவாடியா. வளைந்து கிடக்கும் கூழாங்கல் கடற்கரை, அதையொட்டி உணவகங்கள், குடும்பங்களே நடத்தும் சிறிய விடுதிகள். இவ்வளவுதான் ஊர். சற்று மேலே ஏறினால் மிக்ரோ கோரியோ. இடிந்த கல் வீடுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும் கிராமம் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மக்கள் ஒவ்வொருவராகக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்துவிட, கிராமம் அப்படியே நின்றுவிட்டது. கோடைக்கால இரவுகளில் மட்டும் இந்த இடிபாடுகளுக்கு நடுவே ஒரு பாரில் விளக்கு எரியும்.

மொத்தத் தீவுக்குமே அந்தக் கதி வந்திருக்கலாம். 1991 கணக்கெடுப்பில் இங்கு இருந்தவர்கள் 300 பேர்கூட இல்லை. வேலை தேடி இளைஞர்கள் வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். இப்படிப்பட்ட நிலையில் எந்த ஊரும் 'பெரிய ஹோட்டல் வந்தால் பிழைத்துக்கொள்ளலாம்' என்றுதான் நினைக்கும். டீலோஸ் வேறு வழியில் போனது.

1993-ல் தீவு முழுவதும் வேட்டைக்குத் தடை விதித்தார்கள். வேட்டைக்காக வெளியூர்களிலிருந்து வருபவர்களால் கிடைத்த வருமானம் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. உள்ளூரில் எதிர்ப்பும் இருந்தது. ஆனால் பறவைகள் பிழைத்தன. போனெல்லி கழுகையும் எலியனோரா வல்லூறையும் பார்ப்பதற்கென்றே இப்போது தொலைநோக்கியோடு ஆட்கள் வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 780 ஆக உயர்ந்திருந்தது.

காற்றிலிருந்து கரன்ட்

முன்பு தீவுக்கான மின்சாரம் கோஸிலிருந்து கடலுக்கு அடியில் வரும் கேபிள் வழியாக மட்டுமே வந்தது. கேபிளில் கோளாறு வந்தால் ஊரே இருட்டு. ஐரோப்பிய யூனியன் உதவியுடன் ஒரு காற்றாலை, சூரிய மின் பலகைகள், மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரிய பேட்டரிகள் எல்லாம் அமைக்கப்பட்டன. 2017-ல் இந்தத் திட்டத்துக்கு ஐரோப்பிய அளவில் விருதும் கிடைத்தது.

அடுத்து, குப்பை. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின்படி வீடுகளும் கடைகளும் குப்பையைப் பிரித்துக் கொடுக்க, வீடு தேடி வந்து வாங்கிக்கொள்கிறார்கள். தீவின் பழைய குப்பைக் கிடங்கு மூடப்பட்டுவிட்டது. விருந்தினர்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

யானை, மலை, கடல்

குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாத ஊர், தீவின் தலைநகரான மெகாலோ கோரியோ. 1971-ல் இங்குள்ள கர்காடியோ குகையில் யானை எலும்புகள் கிடைத்தன. வழக்கமான யானைகளைவிட மிகச் சிறிய, குள்ள யானைகள் அவை. சிறிய தீவில் இரை குறைவு, வேட்டையாடும் பெரிய விலங்குகளும் இல்லை. அதனால் தலைமுறை தலைமுறையாக உடல் அளவு சுருங்கிப்போனது. ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நடப்பதற்குப் பழைய கழுதைப் பாதைகள் உண்டு. நீந்துவதற்கு நீளமான எரிஸ்டோஸ் கடற்கரை. ஜூலை 27-ம் தேதியையொட்டிப் போனால், மலைச்சரிவில் இருக்கும் அகியோஸ் பான்டெலெய்மோன் மடாலயத்தின் திருவிழாவையும் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்கள், வெளியூர்க்காரர்கள் என்ற பேதமில்லாமல் சாப்பாடும் இசையும் நடனமும் களைகட்டும்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. கிரேக்கர்களின் விரத நாள் சமையலே காய்கறியும் பருப்பும்தான். அரிசி அடைத்த தக்காளி, திராட்சை இலையில் சுற்றிய சோறு, பெரிய வெள்ளை பீன்ஸ் என வயிறு நிறையும். மலைப்பூக்களில் எடுத்த தைம் தேனையும் சுவைத்துப் பாருங்கள்.

கிளம்பும் முன்...

* இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா அவசியம். பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ.
* மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் அதிகம், ஏஜியன் கடலின் 'மெல்டெமி' காற்றும் பலமாக வீசும்.
* காற்று பலமானால் கப்பல் ரத்தாகலாம். ஊர் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே ரோட்ஸுக்கு வந்துவிடுங்கள்.
* தீவில் பெரிய மருத்துவமனை கிடையாது. வழக்கமான மருந்துகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.
* ஷாப்பிங் மால், இரவுக் கொண்டாட்டம் எதிர்பார்ப்பவர்களுக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும்.

டீலோஸிலும் பிரச்னைகள் இல்லாமல் இல்லை. குளிர்காலம் வந்தால் கடைகள் மூடும், கப்பல்கள் குறையும், தெருக்கள் வெறிச்சோடும். பயணிகள் வராவிட்டால் இளைஞர்கள் மறுபடி வெளியேறுவார்கள். அளவுக்கு மீறி வந்தாலோ இந்த அமைதி போய்விடும். அதனால் காலையில் வந்து போட்டோ எடுத்துவிட்டு மாலையில் கிளம்பாமல், நான்கைந்து நாள்கள் தங்கி, உள்ளூர்க் கடையில் சாப்பிட்டு, குப்பையைப் பிரித்துப் போடும் பயணிகள்தான் இந்தத் தீவுக்குத் தேவை. அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால், லிவாடியா கடற்கரையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு.