ஊர் மாறிய மெட்டு

நம் ராகங்களில் சிலவற்றுக்கு நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது; சௌராஷ்டிரம், கூர்ஜரி என்று. இங்கிலாந்து, அயர்லாந்துப் பிடில்காரர்களோ தனித்தனி மெட்டுகளுக்கே ஊர்ப் பெயரைச் சூட்டிவிடுவார்கள். மாலுமிகள் ஆடும் ஹார்ன்பைப்பில் உண்டு, மற்ற ஆட்டங்களிலும் உண்டு. அப்படி ஒன்று 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. 'மாலோ ஊர் மைனர்கள்' என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும். அயர்லாந்தில் கார்க் ஜில்லாவில் இருக்கிறது மாலோ. 1934 முதல் 2006 வரை அங்கே சர்க்கரை ஆலை ஓடியது. அதற்கும் முன்னால், பதினெட்டாம் நூற்றாண்டில், ஊற்று நீருக்குப் பேர் போன ஊர். அங்கே வந்து குடித்துக் கூத்தடித்துச் சொத்தைக் கரைத்த வாலிபர்களைப் பற்றியது அந்த மெட்டு.

இந்த மெட்டில்தான் முத்துசாமி தீட்சிதர் 'வந்தே மீனாக்ஷி' என்று சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார்! சென்னைக்கு அருகே மணலியில் இருந்த நாளில் கம்பெனியாரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார் என்பார்கள். தம்பி பாலுசாமி பிடில் கற்றதும் அப்போதுதான். இந்த வகையில் ஏறக்குறைய 40 உருப்படிகள். நொட்டுஸ்வரம் என்று பெயர். எல்லாம் சங்கராபரணம்.

குன்னூரில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு சிறுமி இதை வாசித்துப் பழகினாள். மலை ஈரத்தில் தந்தி இறங்கிக்கொண்டே இருக்கும். அவளும் விடாமல் முறுக்கேற்றிக்கொண்டே இருப்பாள். நவராத்திரிக் கொலுவில் வாசிக்க வேண்டும் என்று ஆசை. தாத்தா கூடாது என்றுவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்கப்பா துரை பங்களா வாசல்ல செருப்பைக் கழற்றிவிட்டு, மழையில நின்னவர். உள்ளே இந்த மாதிரி மெட்டுக்குத்தான் ஆடுவாங்களாம். அதுல மீனாட்சியைக் கூப்பிடணுமா, சார்?"

"பிடிலே அவர்களுடையதுதானே, ஐயா?" என்றேன், கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்ட திருப்தியோடு.

"அவங்க நின்னு வாசிக்கிறதை நாம தரையில உட்கார வைச்சுட்டோம். இந்த மெட்டு இன்னும் நின்னுக்கிட்டுதானே இருக்கு?"

சங்கீதம் படித்தவர் அல்ல. ஆனால் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நொட்டுஸ்வரத்தில் கமகம் கிடையாது. ஸ்வரங்கள் சிப்பாய்களைப் போல விறைப்பாக நடக்கும். கச்சேரி நடுவில் இதை வைத்தால் எனக்கும் ரசிக்காது.

ஆனால் தீட்சிதருக்கு அசைக்கத் தெரியாமலா விட்டார்? அதே மீனாட்சியை அவர் 'மீனாக்ஷி மேமுதம்' என்று பாடியிருக்கிறார். ராகத்தின் பெயரே கமகக்கிரியா! 1835-இல் எட்டயபுரத்தில் சிஷ்யர்கள் அதைப் பாடக் கேட்டபடியே கண் மூடினார் என்பார்கள். இதைப் பெரியவரிடம் சொன்னேன்.

"அப்ப அதைக் கத்துக்கட்டும்."

"அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆகும், ஐயா. அதுவரை குழந்தை மீனாட்சியை எப்படித்தான் கூப்பிடுவது?"

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே மறுபடியும் முறுக்காணி கிறீச்சிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். சாத்தவில்லை.