பாறை வளர்த்த மரம்

ஓசூருக்குப் போன்ஸாய் கற்றுக்கொள்ளப் போகிறவள் அஞ்செட்டி மலைச் சாலைக்கு எதற்காகப் போனாள் என்றுதானே கேட்கிறீர்கள்? என் சிநேகிதியும் அதையேதான் கேட்டாள். "நாளைக்கு மரத்தைக் குட்டையாக்கச் சொல்லித் தரப் போகிறார்கள். இயற்கை அதை எப்படிச் செய்கிறதென்று இன்றைக்கே பார்த்துவிடலாம், வாடி!" என்று காரில் ஏற்றினேன்.

தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காடு. யானை நடமாடும் இடமாதலால், இறங்கிப் பார்க்க ஐந்தே நிமிஷம் கொடுத்தார் டிரைவர், எஞ்சினையும் அணைக்கவில்லை.

பாறை வெடிப்பில் ஓர் இச்சி மரம், ஆலுக்கு உறவு. உயரம் இடுப்பளவுதான்; அடிமரத்தைப் பார்த்தால் பாட்டி! போன்ஸாய்க்கென்று தனி விதையோ ஜாதியோ கிடையாது, சகோதரிகளே. ஆலும் அரசும் புளியுந்தான். வேருக்கு இடம் குறைந்தால் மரம் குறுகும். அங்கே பாறை, நம் வீட்டில் தட்டு. அந்த ஜப்பானியச் சொல்லுக்கே தட்டில் நட்டது என்றுதான் பொருள். காற்றும் ஆடுமாடும் செய்கிற வேலையை நாம் கத்தரிக்கோலும் கம்பியும் கொண்டு செய்கிறோம்.

பக்கத்தில் சாண் உயரக் கன்று ஒன்று. சிநேகிதியின் கை நீண்டது.

"ஒன்றே ஒன்றுடி! காடு குறைந்தா போய்விடும்?"

அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாயின. அனுமதியின்றிச் செடியைப் பிடுங்குவது 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அது கிடக்கட்டும், பாறைக்குள் ஓடிய வேர் முழுசாக வருமா? அறுந்த வேரோடு வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் பட்டுத்தான் போகும். நர்சரியில் இதே இச்சிக் கன்று வேர்க்கட்டோடு கிடைக்குமே!

முகம் கொஞ்சம் சுண்டிற்று. பிறகு பால் கணக்கு நோட்டை எடுத்து, பாறையைக் கவ்விய வேரை வரைய ஆரம்பித்தாள்.

"அம்மா, பொழுது சாயுது!" என்றார் டிரைவர்.