குமிழ் முதலில், மரம் பிறகு

சொந்தமாக எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். சேலத்து மரக்கடையில் நல்ல தேக்குப் பலகை கிடைத்தால் அன்றைக்கே அறுக்கக் கொடுத்துவிடுவார்கள். நான் வால்யூம் கண்ட்ரோலிலிருந்து தொடங்குகிறேன். தந்திக்கு அடுத்தபடியாக வாசிக்கிறவரின் விரல் தேடிப்போவது அதைத்தான். மரத்தில் எங்கே துளை, எவ்வளவு கனம் என்று சொல்வதும் அதுதான்.

கண்ட்ரோலின் மதிப்பை, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்தான் தீர்மானிக்கும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளான ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். மதிப்பு குறையக் குறைய உச்ச ஓசைகள் எர்த்துக்குக் கசிந்து நாதம் மழுங்கும். இயல்பிலேயே கூர்மையாக ஒலிக்கும் ஒற்றைச் சுருளுக்கு அது நல்லது. எண்ணோடு இருக்கும் எழுத்தையும் பாருங்கள். இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் ‘ஏ’ மடக்கை வகை, ‘பி’ நேர்கோட்டு வகை. நம் காது சத்தத்தை மடக்கைக் கணக்கில்தான் உணர்கிறது. வால்யூமுக்கு ‘பி’ போட்டால், குமிழைப் பாதி இறக்கியும் சத்தம் கொஞ்சமே குறையும். கடைசிச் சுற்றில் சட்டென்று செத்துப்போகும். ஆகவே ‘ஏ’ கிடைக்கும்வரை காத்திருங்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தாலும் அது வீண் செலவல்ல. டோனுக்கான கெப்பாசிட்டர், 250-க்கு 0.047 மைக்ரோஃபாரட், 500-க்கு 0.022. அதன்மேல் 473, 223 என்று அச்சிட்டிருக்கும்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். பெரிய கண்ட்ரோலின் மரைக்கழுத்து ஏறக்குறைய 9.5 மி.மீ. தடிமன், சின்னதற்கு 7 மி.மீ. போதும். கையில் இருப்பதைக் காலிப்பரால் அளந்த பிறகே டிரில் பிட்டை எடுக்க வேண்டும். மரையின் நீளம் அதைவிட முக்கியம். குட்டை மரை, பிளாஸ்டிக் தகட்டுக்காகச் செய்தது. அதை நேரே மரத்தில் மாட்டுவதானால், பின்பக்கக் குழியை ஆழப்படுத்தி முகப்பில் 5 மி.மீ. அளவுக்கே மரம் விட வேண்டும். துளையை முகப்பிலிருந்து, முதலில் 3 மி.மீ. பிட்டில் போடுங்கள். அடியில் ஒரு கழிவுக்கட்டையை அழுத்திப் பிடித்தால் சிம்பு பெயராது. பல் வாஷர் உள்ளே, தட்டை வாஷரும் நட்டும் வெளியே. பல் வாஷர் இல்லையென்றால் கண்ட்ரோல் முழுதாகச் சுழன்று, ஒயர் ஈயப்பற்றோடு பிய்ந்துவரும்.

எங்கே மாட்டுவது? வலது கையைத் தந்திமேல் வைத்து, சுண்டுவிரல் நீட்டினால் எட்டும் இடத்தில் வால்யூம். வேகமாகத் தட்டி வாசிக்கும்போது கை இடிக்காத தூரமும் வேண்டும். அட்டையில் வெட்டிய மாதிரியில் குமிழை ஒட்டி, பத்து நிமிடம் வாசிப்பதுபோல் கையை ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவிலான இடம் பிடிபடும்.

குமிழின் இடத்தைப் போலவே, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சையும் வாசிக்கிறவர்களே மாற்றியமைத்தார்கள். 1954-இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மூன்று நிலைச் சுவிட்சோடுதான் வந்தது. வாசித்தவர்கள் அதன் நெம்பை இரு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் நாதத்தைக் கண்டெடுத்தார்கள். 1977-இல் கம்பெனியே ஐந்து நிலைச் சுவிட்சைக் கொடுத்தது. கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963-இல் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய ‘ரெட் ஸ்பெஷல்’ கிட்டாரில் மூன்று பிக்கப்புக்கும் தனித்தனியாக இரண்டிரண்டு சின்ன சுவிட்சுகள். தனக்கு வேண்டிய நாதத்துக்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டார். வீட்டில் செய்கிறவருக்குக் கிடைக்கும் பெரிய உரிமை இதுதான்.

நம் பக்கத்தில் இன்னொரு வசதி உண்டு. நாமக்கல் லாரி பாடிப் பட்டறைகளிலும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் பட்டறைகளிலும் மிஞ்சும் தகட்டுத் துண்டு, கேபிள் செருகும் ஜாக்கை மாட்டுவதற்குப் போதும். 40 மி.மீ. கனமுள்ள மரவிளிம்பில் ஜாக்கின் மரை எட்டாது. அதனால் அகலமாகக் குடைந்து மேலே தகடு போட வேண்டும். மிதியும் இழுப்பும் எல்லாம் படுவது ஜாக்கில்தான். முதலில் தளர்வதும் அதுவே. பங்குனி, சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.

பிரிட்ஜிலிருந்து எர்த் ஒயர் போட மறக்கக் கூடாது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குவது அதனால்தான். தந்தி ஆம்ப்போடு இணைந்திருப்பதால், எர்த் சரியாக உள்ள மூன்று பின் பிளக்கில் மட்டுமே ஆம்ப்பைச் செருகுங்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

புதிதாகச் செய்ய இறங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கண்ட்ரோல், சுவிட்ச், ஜாக், குமிழ் எல்லாவற்றையும் வாங்கி மேசையில் பரப்பி, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மரம் அறுக்கும் வேலை அதற்குப் பிறகு இருக்கட்டும்.