அட்டையை விட்டுப் பிரிந்த மாத்திரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மருந்துக்கடைகளில் ஒற்றை மாத்திரையை நீட்டி, "இதே மாதிரி பத்து குடுங்க" என்று கேட்பது வழக்கம். மருந்தாளுநர் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: தோற்றத்தை வைத்து ஒரு மாத்திரையைச் சந்தேகப்படலாம், இன்னதென்று உறுதிசெய்ய முடியாது. அமெரிக்காவில் 1995 முதல் மாத்திரையின் மேலேயே அடையாளக் குறியீடு பொறித்திருக்க வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. பெயர், அளவு, பேட்ச் எண், காலாவதி எல்லாம் அட்டையில்தான். 2023 ஆகஸ்டில் 300 பிராண்டுகளுக்குக் கட்டாயமான க்யூஆர் குறியீடும் உறையின் மேல்தான்.

இந்தப் பகுதியில் ஒரே வீட்டுக்குள் மூன்று வழியாக மருந்து வரும்: தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு இஎஸ்ஐ மருந்தகம், பெரியவர்களுக்கு 2021இல் தொடங்கிய அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், அவசரத்துக்குத் தெருமுனைக் கடை. அரசு தரும் மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டரில் வாங்குகிறது. நிறுவனம் மாறினால் அதே பிரஷர் மாத்திரை வேறு நிறத்தில் வரலாம். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றி விழ நேரும். இதைவிடக் கொடியது, வேறு வேறு மருந்துகள் ஒன்றுபோல இருப்பது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட், அதோடு தரும் ஃபோலிக் அமிலம், இரண்டுமே பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள். மெத்தோட்ரெக்சேட்டை மாற்றித் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்து.

எழுத்து தெரியாதவருக்கு நிறம்தானே துணை என்பார்கள். நியாயமான கேள்வி. அரசே இரும்புச்சத்து மாத்திரையைச் சிறு பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, வளரிளம் பருவத்தினருக்கு நீலம், கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு என்று பிரித்துத் தருகிறது. அது பலிப்பதற்குக் காரணம், அந்தத் திட்டத்துக்குள் நிறத்தை ஒரே கை தீர்மானிக்கிறது. கடை அலமாரியில் அப்படி யாரும் தீர்மானிப்பதில்லை. ஆகவே நிறம் மாறியிருந்தால் விழுங்காமல் நிறுத்தி விசாரிக்கட்டும். நிறம் ஒத்துப்போவதை மட்டும் நம்பி விழுங்க வேண்டாம். அனுபவமுள்ள கண்ணுக்குத் தெரியாதா என்று சக மருந்தாளுநர்களே கேட்பதுண்டு. அந்தக் கண் பழகியிருப்பது தன் கடைச் சரக்குக்குத்தான். அடுத்த தெருக் கடையின் சரக்குக்கு அல்ல.

எங்கள் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. அட்டையைத் துண்டு போடும்போது பெயரும் காலாவதியும் உள்ள முனையைக் கடைசிவரை விட்டுவைத்து, கொடுக்கும் கவரில் அவற்றை எழுதித் தர வேண்டும். நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரையை உதிர்த்து எடுத்துப் போகாதீர்கள், காலி அட்டையானாலும் அதையே எடுத்துப் போங்கள்.